பெட்ரோல் இருந்தது

பிப்ரவரி 3

அண்ணாவுக்கு,

உன் கடிதம் வந்தது. அம்மா எப்படி இருக்கிறாள் என்று ஒரு வரி, ஆலையில் தூசி தாங்கவில்லை என்று ஒரு வரி, அப்புறம் இரண்டு உத்தரவு. மார்ச் 25 அன்று பழைய இரும்புக்காரர் வந்து காரை எடுத்துக்கொண்டு போவார், நான் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். மாதக் கடைசியில் நீ வந்து அம்மாவை உன் வீட்டுக்கு அழைத்துப் போவாய், நான் பெட்டியைக் கட்டி வைக்க வேண்டும். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. உன் லாரி டிரைவர்களுக்கு நோட்டீஸ் ஒட்டுகிற மாதிரி எனக்கும் ஒட்டியிருக்கிறாய்.

போனில் பேசலாமென்றால் நான் வாயைத் திறந்ததுமே "கத்தாதே" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தை மடித்து வைத்தாலும் மறுபடி பிரித்துப் படிப்பாய், உன்னை எனக்குத் தெரியும்.

அம்மாவை ஏன் அழைத்துப் போகிறாய் என்று நீ எழுதவில்லை. எழுதத் தேவையும் இல்லை. போன ஜூன் மாதமே, ஆஸ்பத்திரியில் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு சொல்லிவிட்டாயே. சித்தப்பா, அத்தை, அண்ணி, எதிர்வீட்டு எலக்ட்ரீசியன் எல்லாரும் இருந்தார்கள். "வண்டில பெட்ரோல் இருக்கான்னுகூடப் பாக்காம அம்மாவ ஏத்திக்கிட்டுக் கிளம்பியிருக்கா. இவள நம்பி விட்டுட்டுப் போனேன் பாரு, என்னச் சொல்லணும்" என்றாய். அம்மாவால் அப்போது பேச முடியவில்லை. காது நன்றாகக் கேட்டது.

அன்று என்ன நடந்தது என்று இந்த எட்டு மாதத்தில் நீ ஒருமுறைகூட என்னிடம் கேட்கவில்லை. நானே சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரைக்கு அம்மா சமையலறையில் விழுந்தாள். வாய் ஒரு பக்கம் கோணியது, வலது கை தொங்கியது. ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன், ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். பெரிய ஆஸ்பத்திரி காரில் முப்பத்தைந்து நிமிஷம். அவளைத் தூக்கிப் பின் சீட்டில் கிடத்திக் கிளம்பினேன். கிடங்குகள் இருக்கிற அந்த நீளச் சாலையில், பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால், கார் இரண்டு தடவை முக்கிவிட்டு நின்றது. செல்ஃப் அடித்து அடித்துப் பேட்டரியே இறங்கிவிடும் போல ஆனது. ஞாயிறு என்பதால் கிடங்கெல்லாம் பூட்டு. இரண்டு லாரிக்காரர்கள் நான் கையைக் காட்டியும் நிற்காமல் போனார்கள். ஒரு காவலாளியின் கூண்டிலிருந்து எலக்ட்ரீசியனுக்குப் போன் செய்தேன். அவர் ஸ்கூட்டரில் ஒரு லிட்டர் கேனோடு வந்து சேர அரை மணிக்கு மேல் ஆனது. கார்புரேட்டருக்குப் போகும் குழாயைப் பிடுங்கிப் பார்த்து, "பெட்ரோல் வரலையேம்மா" என்றார். டேங்க் மூடியைத் திறந்து கேனைக் கவிழ்த்தார். உடனே கிளம்பிவிட்டது. இன்னும் கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் கை தப்பியிருக்கும் என்று டாக்டர் சொன்னார்.

ஆனால் பெட்ரோல் இருந்தது. முந்தின நாள் சாயங்காலம்தான் வாய்வரைக்கும் நிரப்பினேன். பெட்ரோல் முள் செத்துப்போன கார் என்பதால் நான் எப்போதும் நிரப்பித்தான் வைப்பேன். நிரப்பியது முந்தின நாளா, முந்தின வாரமா என்று எனக்கே சந்தேகம் வருமளவுக்கு நீங்கள் எல்லாரும் சொல்லிச் சொல்லி என்னை அடித்தீர்கள். இனி முடியாது.

கார் ஏன் நின்றது என்று நான் கண்டுபிடிக்கிறேன். முடியாவிட்டால் சாவியையும் தருகிறேன், பெட்டியையும் நானே கட்டித் தருகிறேன். கண்டுபிடித்துவிட்டால் அம்மா இங்கேதான் இருப்பாள். இந்த வீட்டில் சுவரைப் பிடித்துக்கொண்டு குளியலறை வரை அவளே போகிறாள். எந்தச் சுவர் எங்கே முடிகிறது என்று அவளுக்குத் தெரியும். உன் வீட்டுச் சுவர் அவளுக்குத் தெரியாது.

தங்கை

*

பிப்ரவரி 12

தங்கைக்கு,

உன் கோபம் ஆறட்டும் என்று நாலு நாள் கழித்து எழுதுகிறேன். நான் ஆறவில்லை, அது வேறு விஷயம்.

இருபத்திரண்டு வருஷமாக வண்டிகளோடு மாரடிக்கிறவன் நான். இந்த ஆலையில் நாற்பது லாரி என் பொறுப்பில் ஓடுகிறது. ஒரு வண்டி நின்றால் ஏன் நின்றது என்று டிரைவர் சொல்லும் கதையைக் கேட்பதில்லை, வண்டி என்ன சொல்கிறது என்றுதான் பார்ப்பேன். உன் வண்டி என்ன சொல்லிற்று? குழாய் காய்ந்து கிடந்தது. பெட்ரோல் ஊற்றியதும் கிளம்பியது. இதற்கு மேல் என்ன ஆராய்ச்சி? டேங்க் வாய்வரை இருந்தது என்றால் எலக்ட்ரீசியன் ஊற்றிய ஒரு லிட்டர் எங்கே போயிற்று, அவர் தலையிலா ஊற்றினார்?

இன்னொன்று. ஒவ்வொரு விடுமுறைக்கும் வந்து அதே காரை ஓட்டுகிறேன். அத்தை வீடு வரை, அந்தப் பக்கம் அணை வரை ஓட்டியிருக்கிறேன். எனக்கு ஒருநாளும் நின்றதில்லை. உனக்கு மட்டும் நிற்கிறது. அதற்கு முந்தின வருஷமும் ஊருக்கு வெளியே ஒருமுறை நின்றுவிட்டதென்று போன் செய்தாய், சோக்கை இழுத்துவிட்டு மறந்திருப்பாய் என்றேன். ஞாபகம் இருக்கும்.

தப்பு யாருக்கும் நடக்கும். ஆமாம், பார்க்கவில்லை என்று அன்றைக்கே சொல்லியிருந்தால் நான் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டேன். நீ முறுக்கிக்கொண்டு நின்றாய், அதுதான் வாயைக் கிளறியது. உன்னைத் தண்டிப்பதற்காக அம்மாவை அழைத்து வரவில்லை. இங்கே ஆலையின் ஆம்புலன்ஸ் எங்கள் குடியிருப்பு வாசலிலேயே நிற்கிறது. மறுபடி ஒன்று என்றால் எட்டு நிமிஷம். நீ என்ன செய்வாய்? அதை யோசி.

காரைத் தொடாதே. ஸ்பேனர் பிடித்து வழக்கமில்லாத கை, நசுக்கிக்கொள்வாய்.

அண்ணன்

*

பிப்ரவரி 23

அண்ணாவுக்கு,

நசுக்கிக்கொண்டேன். இடது கட்டைவிரல் நகம் கருத்துவிட்டது. சந்தோஷப்படு.

ஜூனுக்கு அப்புறம் நான் அந்தக் காரில் ஏறவே இல்லை. போன வாரம் ஏறினேன். எலக்ட்ரீசியன் பேட்டரியைச் சார்ஜ் போட்டுக் கொடுத்தார். டிக்கியில் கிடந்த காரின் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டேன். முதல் பதினோரு பக்கம் இல்லை, மிச்சத்தில் பாதி எண்ணெய். வாசல் கூரைக்குக் கீழே போனட்டைத் திறந்து வைத்து, அம்மாவுக்கு நாற்காலி போட்டு உட்காரவைத்துவிட்டு வேலையைத் தொடங்கினேன். அவள் இடது கையை நீட்டி நீட்டி மேற்பார்வை பார்க்கிறாள். உன்னைவிடத் தேவலாம், கத்துவதில்லை.

நான் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு முதலில் சொல்லிக் கொடுத்தது, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மாற்றியதை எழுதி வை என்பது. அதையேதான் இங்கேயும் செய்கிறேன். முதல் நாள் எதையுமே கழற்றவில்லை. டேங்கை வாய்வரை நிரப்பினேன். அம்மாவை எலக்ட்ரீசியனின் மனைவியிடம் விட்டுவிட்டு, அதே சாலையில், அதே நேரத்துக்கு, அதே வேகத்தில் போனேன். அவர் ஸ்கூட்டரில் பின்னால் வந்தார்.

இருபத்தாறாவது நிமிஷம் கார் நின்றது. அதே மாதிரி இரண்டு முக்கல். அன்று நின்ற இடத்திலிருந்து நானூறு அடி தள்ளி. ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதேன். கார் நின்றுபோனதற்கு சந்தோஷத்தில் அழுத ஒரே ஆள் நான்தான்.

எலக்ட்ரீசியன் மூடியைத் திறந்து ஒரு குச்சியை விட்டு எடுத்தார். முக்காலுக்கு மேல் நனைந்திருந்தது. நனைந்த குச்சியை என் கையில் கொடுத்தார். செல்ஃப் அடித்தேன், கிளம்பிவிட்டது. திரும்பும் வழியில் பங்கில் மறுபடி வாய்வரை நிரப்பச் சொன்னேன், இரண்டு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாகப் பிடித்தது. அவர் ஊற்றிய ஒரு லிட்டர் எங்கே போயிற்று என்று கேட்டாயே, ஓடி எரிந்த இடத்துக்குத்தான் போயிற்று. தலையில் ஊற்றவில்லை.

அதற்குப் பிறகு பிளக் நான்கையும் கழற்றித் தேய்த்தேன். மின்பொறிக்கான பாயிண்டைச் சுத்தம் செய்தேன். பெட்ரோல் ஃபில்டரைப் புதிதாகப் போட்டேன். கார்புரேட்டரைக் கழற்றி, ஆய்வகத்து மெல்லிய பிரஷ்ஷால் ஒவ்வொரு துளையாகக் கழுவி மாட்டினேன். மாட்டியபின் ஒரு சின்ன ஸ்பிரிங் மேசையில் மிச்சம் இருந்தது. மறுபடி எல்லாவற்றையும் கழற்றினேன். அம்மா சிரித்தாள். விழுந்ததற்குப் பிறகு அவள் சத்தம் போட்டுச் சிரித்தது இதுதான் முதல் தடவை. உனக்கு எழுதக்கூடாது என்றிருந்தேன், எழுதிவிட்டேன்.

ஒவ்வொன்றையும் மாற்றியபின் நிரப்பி ஓட்டினேன். ஒவ்வொரு முறையும் இருபத்தைந்திலிருந்து முப்பது நிமிஷத்துக்குள் நின்றது. காரணம் இன்னும் தெரியவில்லை. ஆனால் டேங்க் நிறைய பெட்ரோலோடு இந்தக் கார் நிற்கும் என்பது தெரிந்துவிட்டது. அது ஒன்றே போதும், நீ சொன்ன சொல்லைத் திரும்ப வாங்கிக்கொள்.

தங்கை

*

மார்ச் 3

தங்கைக்கு,

நீ இவ்வளவு செய்வாய் என்று நினைக்கவில்லை. கார்புரேட்டரை நீயே கழற்றி மாட்டினாய் என்றதும் இங்கே ஒரு ஃபிட்டரிடம் சொன்னேன், அவன் நம்பவில்லை.

ஆனால் அவசரப்படாதே. எட்டு மாதம் நிறுத்திவைத்த கார். டேங்குக்குள் துரு கட்டியிருக்கும், பம்பின் ரப்பர் விறைத்திருக்கும். இன்றைக்கு நிற்கிறது என்றால் இன்றைக்கு ஒரு பழுது இருக்கிறது, அவ்வளவுதான். இன்றைய பழுது அன்றைக்கும் இருந்தது என்று எப்படிச் சொல்வாய்? ஆய்வகத்தில் வேலை செய்கிறவள், இந்த வருஷத்து ரத்தத்தைச் சோதித்துவிட்டுப் போன வருஷம் காய்ச்சல் இருந்ததென்று எழுதிக் கொடுப்பாயா?

பழுதைப் பொறுத்தவரை, இது சூடு. பம்ப் இன்ஜினோடு ஒட்டி உட்கார்ந்திருக்கிறது. அரை மணி ஓடியதும் கொதிக்கும், குழாயில் பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொள்ளும். பம்பின் மேல் ஈரத்துணியைச் சுற்றி ஓட்டிப் பார். நிற்காவிட்டால் சூடுதான் காரணம். அப்போதும் நின்றால் பம்பைத் திறந்து உள்ளே டயாபிரம் ரப்பர் கிழிந்திருக்கிறதா பார், வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும். திறக்கும் முன் இரண்டு பாதிக்கும் சேர்த்து ஒரு கோடு கீறிக்கொள், திருப்பி மாட்டும்போது தடுமாற மாட்டாய்.

இரும்புக்காரர் 25ஆம் தேதி வருகிறார். அதில் மாற்றமில்லை.

நகத்துக்கு என்ன போட்டாய்?

அண்ணன்

*

மார்ச் 15

அண்ணாவுக்கு,

நகத்துக்கு ஒன்றும் போடவில்லை. நீ விசாரிப்பதற்கு இன்னும் எத்தனையோ இருக்கிறது.

ஈரத்துணியைச் சுற்றினேன். இருபத்தேழு நிமிஷம், நின்றது. பம்பைத் திறந்தேன், கோடு கீறிக்கொண்டுதான் திறந்தேன். டயாபிரம் புதுசு மாதிரி இருந்தது. மாட்டினேன். அப்புறம் ஆய்வகத்திலிருந்து சலைன் ஏற்றும் பிளாஸ்டிக் குழாய் ஒன்றைக் கொண்டுவந்து, பம்புக்கு வரும் ரப்பர்க் குழாய்க்குப் பதிலாகப் போட்டேன். கண்ணாடி மாதிரி உள்ளே தெரியும். காரை வாசலிலேயே நிறுத்தி இன்ஜினை வேகமாக ஓடவிட்டு, போனட்டைத் திறந்து வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றேன். முதலில் நிறைய வந்தது. முக்கால் மணி கழித்து மெலிந்தது. குமிழ் குமிழாக வந்தது. நின்றது. பம்ப் இழுக்கிறது, டேங்க் கொடுக்க மாட்டேன் என்கிறது.

அடுத்து டேங்கில் பாதி பெட்ரோல் வைத்து ஓட்டினேன். ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஓடிவிட்டுத்தான் நின்றது. கால் டேங்குக்கும் குறைவாக வைத்து ஓட்டினேன். காலை முழுக்க ஓட்டியும் நிற்கவே இல்லை. பெட்ரோல் குறையக் குறைய இந்தக் கார் நன்றாக ஓடுகிறது. மூன்று நாள் எனக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை.

எலக்ட்ரீசியனிடம் அன்று நடந்ததை ஆதியோடு அந்தமாக இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். போலீஸ் மாதிரி கேக்கறியேம்மா என்று அலுத்துக்கொண்டே சொன்னார். சொல்லிக்கொண்டே வந்தவர், "மூடியத் தொறந்தப்ப உஸ்ஸுன்னு உள்ள இழுத்துச்சு. காலி டேங்க்னா அப்படித்தான் சத்தம் போடும்போலன்னு நெனச்சுக்கிட்டேன்" என்றார். போன மாதம் குச்சி விட மூடியைத் திறந்தபோதும் அந்தச் சத்தம் வந்ததாம். இரண்டு தடவையும் கார் கிளம்பியது பெட்ரோல் ஊற்றியதால் இல்லை, மூடியைத் திறந்ததால்.

நீ வண்டிக்காரன், உனக்கு இந்நேரம் புரிந்திருக்கும். எனக்குத்தான் நேரமானது. பெட்ரோல் வெளியே போகப்போக அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வர வேண்டும். காற்று வர வழியில்லையென்றால் டேங்க் மூச்சைப் பிடித்துக்கொள்கிறது, பம்ப் எவ்வளவு இழுத்தாலும் வராது. டேங்க் நிறைய இருந்தால் உள்ளே காற்றே இல்லை, அதனால் சீக்கிரம் நிற்கிறது; பெட்ரோல் குறைவாக இருந்தால் ஏற்கெனவே உள்ளே இருக்கும் காற்று வெகு நேரம் தாங்குகிறது. நான் முன்பு ஆய்வகத்துக்குப் போன பத்து நிமிஷத்தில் தெரியவில்லை. நீ விடுமுறையில் வருகிறாய் என்றால் பெட்ரோல் போடுவதை உன்னிடமே விட்டுவிடுவேன், நீ ஐந்து லிட்டருக்கு மேல் ஊற்றியதே இல்லை, அதனால் உனக்கு ஒருநாளும் நிற்கவில்லை. பொறுப்பாக நிரப்பி வைத்தேன் பார், எனக்குத்தான் நின்றது. இதை எழுதும்போது எனக்கு எப்படி எரிகிறது தெரியுமா?

மூடியைக் கையில் எடுத்துப் பார்த்தேன். உள்பக்கம் காற்று வருவதற்கு ஒரு சின்னத் துளை இருக்க வேண்டும் என்று புத்தகத்தில் படம் இருக்கிறது. அதன் மேல் ஒரு கறுப்பு ரப்பர் வட்டம் ஒட்டியிருந்தது. பழைய சைக்கிள் டியூபை அளவெடுத்து வெட்டியது. பிசிறே இல்லை, அவ்வளவு நேர்த்தி. அதைக் கழற்றிவிட்டு வாய்வரை நிரப்பி ஓட்டினேன். இரண்டரை மணி நேரம். நான்தான் நிறுத்தினேன், கார் நிற்கவில்லை.

இன்றைய பழுது அன்றைக்கும் இருந்தது என்று எப்படிச் சொல்வாய் என்று கேட்டாய். நியாயமான கேள்வி. பதில் உறைக்குள் தனியாகக் காகிதத்தில் மடித்து வைத்திருக்கிறேன், பிரித்துப் பார். மூடியோடு ஒட்டியிருந்த பக்கத்தைத் திருப்பு. வெள்ளைப் பெயின்ட்டில் ஒரு தேதி இருக்கும். இந்த வீட்டில் எதைப் பழுது பார்த்தாலும் தேதி எழுதி வைக்கும் ஆள் ஒருவர்தான். மின்விசிறியின் தலையில் இருக்கிறது, தண்ணீர் மோட்டாரின் அடியில் இருக்கிறது. ஏழுக்குக் குறுக்கே ஒரு கோடு இழுக்கும் ஆளும் ஒருவர்தான். நாலு வருஷத்துக்கு முன்னால், நீ அந்த வேலைக்குக் கிளம்பிப்போன நாளுக்கு முந்தின நாள்.

இரும்புக்காரர் வரட்டும். வாசலில் நான் நிற்கிறேன்.

தங்கை

*

ஏப்ரல் 2

மிளகாய்க்கு,

சின்ன வயதில் உன்னை இப்படித்தான் கூப்பிடுவேன். இப்போது கூப்பிட உரிமை இருக்கிறதா தெரியவில்லை.

உறையைப் பிரித்தபோது என் மேசைக்கு முன்னால் நாலு டிரைவர்கள் நின்றிருந்தார்கள். ஒருவன் ஏதோ கேட்டான், என்ன கேட்டான் என்று இன்று வரை தெரியாது. அந்த ரப்பரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போனவன், எடைமேடைக்குப் பின்னால் வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். இரண்டு வாரம் பதில் எழுதாமல் இருந்தது திமிரில் இல்லை.

நான்தான் ஒட்டினேன். காரில் ஏறினாலே அம்மாவுக்குக் குமட்டும், உனக்குத் தெரியும். மூடியிலிருந்து பெட்ரோல் வாடை வந்து பின் சீட்டில் அடிக்கும். கிளம்புவதற்கு முந்தின நாள் அவளை டவுனுக்குக் கூட்டிப்போனேன், வழியில் இரண்டு தடவை நிறுத்தி வாந்தி எடுத்தாள். எனக்குத் தாங்கவில்லை. நாளைக்கு ஊரைவிட்டுப் போகிறோமே, இதையாவது செய்துவிட்டுப் போவோம் என்று சாயங்காலம் உட்கார்ந்து வெட்டி ஒட்டினேன்.

நடுவில் ஊசியால் ஒரு துளை போட வேண்டும். தெரியாமல் இல்லை. மூடியில் துணியை அடைத்த டிரைவர்களை நிற்கவைத்து நானே பாடம் எடுத்திருக்கிறேன். பசை ஈரமாக இருந்தது, காய்ந்தபின் காலையில் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டேன். காலையில் ரயில். பெட்டி, டிக்கெட், வழியனுப்ப வந்தவர்கள் என்று மறந்தே போய்விட்டேன். இந்தப் பத்து மாதத்தில் அது ஞாபகத்துக்கே வரவில்லை என்று எழுதத்தான் முதலில் நினைத்தேன். முழு உண்மை அது இல்லை. டேங்க் நிறைய இருந்தும் நின்றது என்று நீ எழுதினாயே, அதைப் படித்தபோது எங்கோ லேசாக உறுத்தியது. அதைப் பின்தொடர்ந்து போக எனக்குத் தைரியம் வரவில்லை. உனக்கு ஈரத்துணியைப் பற்றி எழுதினேன்.

பெட்ரோல் இருக்கா என்றுகூடப் பார்க்கவில்லை என்று உன்னைச் சொன்னேன். பார்க்காமல் போனவன் நான்.

இரும்புக்காரரை வரவேண்டாம் என்று அன்றே சொல்லிவிட்டேன். அம்மா அங்கேயே இருக்கட்டும். சித்தப்பாவுக்கும் அத்தைக்கும் நானே எழுதுகிறேன், அண்ணியிடம் சொல்லிவிட்டேன். அவள் ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அம்மாவிடம் மட்டும் சொல்லாதே. தன் கை போனதற்கு நான் காரணம் என்று தெரிந்தால் அவள் தாங்க மாட்டாள். இதை மட்டும் எனக்காகச் செய்.

அண்ணன்

*

ஏப்ரல் 10

அண்ணாவுக்கு,

உன் கடிதத்தை முதலில் படித்தபோது அழுகை வந்தது உண்மை. கடைசிப் பத்தியைப் படித்ததும் வந்த அழுகை எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

அம்மா தாங்க மாட்டாளா, இல்லை நீ தாங்க மாட்டாயா? என்னால் கை போனது என்று பத்து மாதம் தாங்கினாளே, அது உனக்குப் பரவாயில்லையா? மகள் என்றால் தாங்குவாள், மகன் என்றால் தாங்க மாட்டாளா? அவள் தலைக்கு நேர் மேலே நின்றுகொண்டு, வாய் பேச முடியாதவள் காதில் விழும்படி என்னைச் சொன்னாய். உன்னைப் பற்றி மட்டும் அவள் காதில் விழக்கூடாது. சித்தப்பாவுக்குக் கடிதம் போடுகிறாயாம். என்னைச் சொல்லும்போது நாலு பேர் நடுவில் வாயால் சொன்னாய், இப்போது தபாலில் தனித்தனியாகச் சொல்லப் போகிறாய்.

நீ கேட்டபடி நான் அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை. சொல்ல அவசியமே இருக்கவில்லை. எட்டு மணிக்கு நான் வேலைக்குப் போய்விடுகிறேன். தபால்காரரிடம் கடிதம் வாங்குவது யார்? அம்மாவுக்கு வந்த கடிதமோ நமக்கு வந்த கடிதமோ, அவள் பிரித்துப் பார்க்காமல் நம் கைக்கு வந்ததுண்டா? கல்லூரியில் படிக்கும்போது உனக்கு வந்த கடிதத்தைப் பிரித்தாள் என்று நீ இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தாயே. பேச்சுதான் அவளுக்குத் திக்குகிறது. படிப்பதற்கு ஒரு தடையும் இல்லை. ஒரு கையால் எப்படிப் பிரிக்கிறாள் என்றால், முழங்காலுக்கு நடுவில் உறையை இடுக்கிக்கொண்டு கிழிக்கிறாள். பிப்ரவரியிலிருந்து உன் கடிதம் எல்லாவற்றையும் எனக்கு முன்னாலேயே படித்திருக்கிறாள். உன்னுடையதைப் பிரிப்பாள் என்று தெரிந்தும் நான் தடுக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

உன் கடைசிக் கடிதம் வந்த அன்று நான் வீட்டுக்கு வந்தபோது அதை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். கேட்கக் கூடாது என்று இத்தனை மாதம் வைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன். "நீயும் நான்தான்னு நெனச்சியாம்மா?" ஆமாம் என்று தலையை ஆட்டினாள். என் கருத்த நகத்தைத் தடவிக்கொண்டே அழுதாள். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீயே நினைத்துப் பார். ஆறு மாதம் நான் குளிப்பாட்டி, தலை சீவி, சோறு ஊட்டிய அம்மா என்னைத்தான் நினைத்திருக்கிறாள். நீ சொன்னாய் என்பதால் நினைத்திருக்கிறாள்.

நீ எதற்காக ஒட்டினாய் என்பதும் எனக்குப் புரிகிறது. எனக்கும் அவள் வாந்தி எடுப்பதைப் பார்க்க முடிந்ததில்லை. அதனால் முழுசாகக் கோபப்படவும் முடியவில்லை, அதற்கும் உன் மேல்தான் கோபம் வருகிறது. காற்றை உள்ளே விட்டு வாடையை வெளியே விடாத மூடி ஒன்று சாதாரணமாகவே கடையில் இருக்கிறது. கேட்டால் எடுத்துக் கொடுக்கிறார்கள். வாங்கி மாட்டிவிட்டேன். அடியில் தேதியும் எழுதிவிட்டேன்.

என் பங்கு இதோடு முடிந்தது. இதற்குக் கீழே இருப்பது அம்மாவுடையது. பேனாவைக் கேட்டு வாங்கி, அட்டையில் காகிதத்தைக் கிளிப் போட்டுத் தரச் சொல்லி, இடது கையால் இரண்டு காலை உட்கார்ந்து எழுதினாள். முதல் இரண்டு காகிதத்தைக் கசக்கிப் போட்டுவிட்டாள். நான் ஒரு எழுத்தும் சொல்லித் தரவில்லை.

தங்கை

நீ ஒட்டுனதுக்கு அப்புறம் எனக்குக் கொமட்டவே இல்லப்பா. வா. எல்லாரும் இருக்கும்போது சொல்லு.